மேசையில் இருந்தது இருவர்தான்

பிர்னா, 14 மார்ச் 1993

அன்புத் தம்பி வோல்ஃப்ராமுக்கு,

உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? வீட்டில் ஹைக்கே சுகமா? இங்கே எல்பே நதி கரைக்குள்தான் இருக்கிறது, என் முழங்கால்தான் கரைமீறி வீங்கிக் கிடக்கிறது. மற்றபடி அறுபத்திரண்டு வயதுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பார்சல் வந்தது. காப்பித்தூள் இரண்டு, பாதாம் ஒன்று, உலர்திராட்சை ஒன்று. மேலே வழக்கம்போல 'அன்பளிப்பு, விற்பனைக்கல்ல' என்று எழுதியிருக்கிறாய். பெர்லின் சுவர் விழுந்து மூன்று வருஷம் ஆகிறது, தம்பி. இப்போது எங்கள் தெருமுனைக் கடையிலேயே உங்கள் ஊர்க் காப்பி கிடைக்கிறது. தபால்காரர்கூடச் சிரிக்கிறார். சொன்னால் கேட்கவா போகிறாய்?

ஒரு செய்தி. இருபத்தைந்தாம் தேதி வியாழன் டிரெஸ்டன் போகிறேன். என் கோப்பைப் படிக்க அனுமதி வந்துவிட்டது. பழைய அரசாங்கத்தின் உளவுக்காரர்கள் என்னைப் பற்றி எழுதிவைத்த தாள்களை எல்லாம் உட்கார்ந்து படிக்கலாமாம். எண்பத்தொன்றில் என்னை வகுப்பறையிலிருந்து தூக்கி, நகர நூலகத்தின் கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டிகளோடு போட்டார்களே, அதற்கு யார் காரணம் என்று தெரிந்துகொள்ளாமல் நான் சாகமாட்டேன். நீயும் உன் கோப்பைக் கேட்டு எழுதலாமே.

அன்புடன்,
எல்ஸ்பெத் அக்கா


ஓல்டன்புர்க், 21 மார்ச் 1993

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் நீந்தச் சொல்கிறார், நான் மருத்துவரையே மாற்றலாமா என்று பார்க்கிறேன். ஹைக்கே இந்தப் பருவத்தின் கடைசிக் கீரையை வாத்துக் கொழுப்பில் வேகவைத்துக்கொண்டிருக்கிறாள். வீடெல்லாம் அந்த வாசனை. நீ இருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுவாய்.

கோப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போகாமல் இருந்துவிடேன். யார் எழுதினார்கள், யார் எழுதவில்லை என்று தெரிந்து இனி யாருக்கு என்ன லாபம்? அந்தக் காலத்தில் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாக நெருக்கியிருப்பார்கள். பயத்தில் சொன்னதற்கெல்லாம் இப்போது கணக்குக் கேட்க முடியுமா? நான் என் கோப்பைக் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

இந்தக் கடிதம் வியாழனுக்கு முன்னால் உன் கைக்கு வரவேண்டும் என்று இப்போதே ரயில் நிலையத் தபால்பெட்டியில் போய்ப் போடுகிறேன்.

உன் தம்பி,
வோல்ஃப்ராம்


பிர்னா, 26 மார்ச் 1993
(எழுதியது, அனுப்பவில்லை)

வோல்ஃப்ராம்,

நலம் விசாரிக்க மனம் இல்லை.

நேற்று இருநூற்றுப் பதினான்கு பக்கம் படித்தேன். ஒரு பெண் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்தாள், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள். பாதிப் பக்கம் நான் என்றைக்குக் கரி வாங்கினேன், யாருக்குக் குடை இரவல் கொடுத்தேன் என்பதுதான். சிரிப்பாகக்கூட வந்தது. அப்புறம் எண்பத்தொன்று ஏப்ரல் வந்தது, ஈஸ்டருக்கு நீ வந்திருந்த வாரம்.

"அவங்க மட்டும் உன் பிறந்தநாளுக்கு என்னை மேற்கே விட்டாங்கன்னா, நான் திரும்பி வர்றதா இல்லைடா." நான் உன்னிடம் சொன்ன சொல், ஒரு எழுத்து மாறாமல் அந்தத் தாளில் இருக்கிறது. "வந்துடுக்கா, மேல் மாடி ரூம் காலியாத்தான் இருக்கு" என்ற உன் பதிலும் இருக்கிறது. எழுதியவர் பெயர் 'கோபுரம்' என்று போட்டிருக்கிறது. எல்லாருக்கும் இப்படி ஒரு புனைபெயர் கொடுத்திருக்கிறார்கள்.

அன்றிரவு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிட்டாள். மேசையில் இருந்தது நாம் இருவர்தான். நான் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மிச்சம் யார்?

போகாதே என்று எழுதினாயே. பயத்தில் சொன்னதற்குக் கணக்குக் கேட்காதே என்றாயே. உனக்கு என்ன பயம், தம்பி? நீதான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாயே.


பிர்னா, 3 ஏப்ரல் 1993

அன்புள்ள வோல்ஃப்ராம்,

உங்கள் நலம் அறிய விருப்பம். நான் சுகம்.

டிரெஸ்டன் போய்வந்தேன். உன் கடிதம் ஒரு நாள் பிந்திவிட்டது. கோப்பு பெரியது, பெரும்பாலும் சலிப்பு. சில பெயர்களுக்கு உண்மையான ஆள் யார் என்று கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். பல மாதம் ஆகும் என்றார்கள்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. இனி காப்பி அனுப்ப வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது.

எல்ஸ்பெத்


ஓல்டன்புர்க், 20 மே 1993

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் தேவலையா? உனக்கு ஃபோன் எப்போதுதான் கொடுப்பார்கள்? எழுபத்து நான்கில் விண்ணப்பித்தது, இன்னும் வரிசையில் இருக்கிறது என்றால் இங்கே யாரும் நம்புவதில்லை. ஃபோன் இருந்தால் இப்படி ஏழு வாரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

நல்ல செய்தி: எங்கள் பெண் மரைக்கே கல்யாணம் செய்துகொள்கிறாள், செப்டம்பர் பதினொன்று. பையன் பெயர் தியார்க், அணைக்கட்டுப் பொறியாளன். பனைமரம் மாதிரி வளர்ந்திருக்கிறான், வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. உன் மருமகள் ஒரே பிடிவாதம். "பாட்டி இல்லைல்ல, பாட்டி இடத்துல அத்தைதான் உக்காரணும். அத்தை வரலன்னா அந்த நாற்காலிய காலியா வைங்க, வேற யாரையும் உக்கார வைக்காதீங்கப்பா" என்கிறாள்.

முந்தின நாள் சாயங்காலம் வாசலில் தட்டு உடைக்கும் சடங்கு. பழைய பீங்கான் இருந்தால் கொண்டுவா. கண்ணாடி மட்டும் வேண்டாம், ஆகாது என்று ஹைக்கே சொல்லச் சொன்னாள்.

வருவாய் அல்லவா?

உன் தம்பி,
வோல்ஃப்ராம்


பிர்னா, 4 ஜூலை 1993

அன்புள்ள வோல்ஃப்ராம்,

அனைவரும் சுகம்தானே. கவர்மேல் பார், புது அஞ்சல் எண்ணைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். போன மாதம்வரை நம் முகவரிகளில் கிழக்குக்கு ஓர் எழுத்து, மேற்குக்கு ஓர் எழுத்து இருந்தது. இப்போது நாடு முழுக்க ஒரே மாதிரி ஐந்து இலக்கம். தபால் நிலையத்தில் அந்த எண் புத்தகத்தை வாங்க அடிதடி.

மரைக்கேவுக்கு என் ஆசி. கல்யாணத்துக்கு வர இயலாது. முழங்காலோடு அவ்வளவு தூரம் ரயிலில் உட்கார முடியாது. அம்மாவின் விளிம்பு உடைந்த தட்டுகள் ஒன்பதைத் தனியே அனுப்பியிருக்கிறேன். தபாலில் உடைந்தாலும் நஷ்டம் இல்லாத சாமான் அது ஒன்றுதான்.

ஒன்று கேட்க வேண்டும். எண்பத்து மூன்றில் அம்மாவை அடக்கம் செய்தபோது உனக்கு நுழைவு அனுமதி மறுத்துவிட்டார்கள் என்று தந்தி அடித்தாய். அந்த மறுப்பு எழுத்தில் வந்ததா? அந்தத் தாள் உன்னிடம் இருக்கிறதா?

எல்ஸ்பெத்


ஓல்டன்புர்க், 1 ஆகஸ்ட் 1993

அக்கா,

நான் சுகம். நீயும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தில் அதற்கு இடம் இல்லை.

தாள் இருக்கிறது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். 'நுழைவு அனுமதி மறுக்கப்படுகிறது, காரணம் தெரிவிக்கப்படமாட்டாது.' கீழே முத்திரை. பெற்ற தாயைப் புதைக்க வராதவன் பொய் சொல்லியிருப்பானோ என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. தோன்றட்டும்.

நான் உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, அக்கா. பன்னிரண்டு வருஷமாகக் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு வா. மருத்துவரிடம் முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டாவது வா. சாக்குச் சொல்வது உனக்கு என்றைக்கும் சரியாக வராது.

வோல்ஃப்ராம்


பிர்னா, 8 ஆகஸ்ட் 1993
(எழுதியது, அனுப்பவில்லை)

வோல்ஃப்ராம்,

நீ அனுப்பிய நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அவர்களே உனக்காகத் தயாரித்துக் கொடுத்திருக்கலாமே என்று ஓர் எண்ணம் வந்தது. அது வந்த பிறகு எனக்கே என்னைப் பார்த்தால் அருவருப்பாக இருந்தது. நாற்பது வருஷம் அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டார்கள், இப்போது அவர்கள் வேலையை நான் சம்பளமில்லாமல் பார்க்கிறேன்.

அந்த வீட்டுக்கு வந்து, அம்மா இடத்தில் உட்கார்ந்து, உன் கையால் ஊற்றிய ஒயினைக் குடிக்க என்னால் ஆகாது. நீதான் என்று தெரிந்தால்கூட ஒருவேளை முடியும். தெரியாமல் முடியாது.


ஓல்டன்புர்க், 19 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்கா,

முழங்கால் எப்படி? ஹைக்கே தினமும் கேட்கிறாள்.

கல்யாணம் நல்லபடி முடிந்தது. முந்தின நாள் தெருவே திரண்டு வந்து உடைத்தது. ஒரு புண்ணியவான் கழிவறைத் தொட்டியையே வண்டியில் கொண்டுவந்து போட்டான். உன் தட்டுகளில் இரண்டு வழியிலேயே உடைந்திருந்தன. மற்ற ஏழையும் மரைக்கே வேறு யாரையும் தொடவிடவில்லை. "இது அத்தை தட்டு, நானே உடைக்கிறேன்" என்றாள். ஆறை உடைத்தாள். ஏழாவதை அலமாரியில் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் மணமக்கள் ஒரே துடைப்பத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பெருக்கினார்கள். தியார்க் அன்று ஒரு முழு வாக்கியம் பேசினான்: "நல்லாத்தான் உடைச்சிருக்காங்க."

நாற்காலியைக் காலியாகவே வைத்தோம். வந்தவர்கள் எல்லாம் யாருக்கு என்று கேட்டார்கள். அக்கா வருகிறாள், ரயில் தாமதம் என்று சொல்லி வைத்தேன்.

உன் தம்பி


பிர்னா, 13 நவம்பர் 1993

என் அருமைத் தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் இடுப்பு நன்றாக இருக்க வேண்டும். ஹைக்கே, மரைக்கே, அந்தப் பனைமரம், எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். இப்படி முழுமனதோடு எழுதி எட்டு மாதம் ஆகிவிட்டது.

நேற்றுப் பதில் வந்தது. ஆறு வருஷம் என்னைப் பற்றி எழுதிய 'கோபுரம்' யார் தெரியுமா? என் மேல்மாடி வீட்டு வின்க்லர்.

நம் சமையலறையை ஒட்டிய சாமான் அறையில் காற்று போக ஒரு குழாய் இருக்கிறதே, கீழிருந்து கூரைவரை நான்கு வீட்டுக்கும் ஒன்றுதான். அதன் வழியாக நாம் பேசியது எல்லாம் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு நேரே மேலே போனேன். முழங்கால் வலிக்கவே இல்லை.

"வின்க்லர், இது நீங்களா?" என்று நீட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"உள்ள வாங்க எல்ஸ்பெத், படிக்கட்டு குளிருது" என்றார்.

"நான் நின்னுக்கறேன்."

"எம் பொண்ணுக்குக் காலேஜ்ல இடம் வேணும்னா கொஞ்சம் எழுதிக் கொடுங்கன்னாங்க. நான் காதை வச்சு ஒட்டுக்கேக்கல. சாமான் ரூமுக்கு உருளைக்கிழங்கு எடுக்கப் போனேன், அப்ப காதுல விழுந்துச்சு."

"ஆறு வருஷமா உருளைக்கிழங்கு எடுத்துக்கிட்டே இருந்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் மெதுவாக, "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் ரொட்டி கிடையாதுல்ல?" என்றார். வருஷாவருஷம் நீ அனுப்பும் பாதாமையும் திராட்சையையும் போட்டு ஸ்டோலன் செய்கிறேனே, உனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று, அவருடையதை மாடிக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். கிடையாது என்றேன். இறங்கி வரும்போது பாதிப் படியில் உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுதேன். கீழ்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது யோசித்தால் அந்த அறிக்கையில் நாம் பேசியது எல்லாம் இருக்கிறது, கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை. நீ அன்றைக்குக் கையில் கட்டுப் போட்டிருந்தாய், அது இல்லை. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

ஸ்டோலனைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எண்பத்து நான்கு டிசம்பர்: 'மேற்கிலிருந்து வரும் உலர்திராட்சை இந்த ஆண்டு குறைவு. சகோதரனுடன் உறவு தளர்ந்திருக்கலாம்.'

சிரித்துவிட்டாயா? இப்போது சொல்கிறேன். மார்ச் மாதத்திலிருந்து நான் நீதான் என்று நினைத்தேன். மேசையில் நாம் இருவர்தான் இருந்தோம் என்பதால் நினைத்தேன். அதனால்தான் கல்யாணத்துக்கு வரவில்லை, அதனால்தான் அந்தத் தாளைக் கேட்டேன். அனுப்பாமல் வைத்திருந்த இரண்டு கடிதங்களையும் இதோடு வைக்கிறேன். படித்துவிட்டுத் திட்டு. எவ்வளவு திட்டினாலும் எனக்கு இப்போது உறைக்காது, மனசு அவ்வளவு லேசாக இருக்கிறது.

உன் அக்கா,
எல்ஸ்பெத்


ஓல்டன்புர்க், 18 நவம்பர் 1993

என் அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று இந்த வருஷத்தில் முதல் தடவையாக நம்புகிறேன்.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். வின்க்லர் பெயர் வந்த இடத்தில் கீழே உட்கார்ந்துவிட்டேன். ஹைக்கே யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து ஓடிவந்தாள். இல்லை, யாரும் சாகவில்லை, எங்க அக்கா பொழச்சிட்டா என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

எண்பத்தொன்றில் ஈஸ்டர் முடிந்து திரும்பும்போது எல்லையில் என்னை வண்டியிலிருந்து இறக்கி ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். ஓர் இளம் அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தான். "வந்துடுக்கா, மேல் மாடி ரூம் காலியாத்தான் இருக்கு." குடிமக்களை நாட்டைவிட்டுப் போகத் தூண்டியதாகச் சொல்லி, இனி உள்ளே வரக்கூடாது என்றான். அவ்வளவுதான், சுவர் விழும்வரை வர முடியவில்லை.

மேசையில் இருந்தது இருவர்தான் என்று நானும் எண்ணினேன், அக்கா. உன்னைப் பிடித்துவைத்து மிரட்டியிருப்பார்கள், நீ சொல்லியிருப்பாய், சொல்லியும் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள் என்று எனக்கு நானே கதை கட்டிக்கொண்டேன். கடிதத்தில் கேட்டால் பிரித்துப் படிப்பார்கள். சுவர் விழுந்த பிறகு நேரில் கேட்டிருக்கலாம். ஆனால் நீ ஆமாம் என்று அழுதுவிட்டால் அதை நான் எங்கே வைத்துக்கொள்வேன்? அதனால்தான் கோப்பைப் பார்க்காதே என்றேன். நீ எழுதிக்கொடுத்த தாளில் உன் கையெழுத்து உன் கண்ணிலேயே படவேண்டாம் என்று நினைத்தேன்.

முதல் மூன்று வருஷம் கஷ்டமாக இருந்தது. அம்மா போனபோது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எண்பத்து நான்கில் திராட்சையைக் குறைத்தது உண்மைதான். கடையில் கையில் இரண்டு பொட்டலம் எடுத்தேன், ஒன்றைத் திரும்ப வைத்தேன். வின்க்லர் கெட்டிக்காரர்தான், அதற்குக் காரணம் தான்தான் என்பதை மட்டும் விட்டுவிட்டுக் காரியத்தைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். அதற்கடுத்த வருஷம் உன்னை மன்னித்துவிட்டேன்.

உன் தம்பி,
வோல்ஃப்ராம்


பிர்னா, 24 நவம்பர் 1993

அன்புத் தம்பி,

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருங்கள். நான் சுகமாகவும் கோபமாகவும் இருக்கிறேன்.

என்னை மன்னித்துவிட்டாயா? எதற்கடா மன்னித்தாய்? செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் இங்கே ஒருத்தி மாவு பிசைந்திருக்கிறாள். பன்னிரண்டு ஸ்டோலன். காட்டிக்கொடுத்தவள் கையால் செய்தது என்று நினைத்துக்கொண்டே கடைசித் துண்டுவரை சாப்பிட்டிருக்கிறாய். ருசியாக இருக்கிறது என்று கடிதம் வேறு எழுதினாய்.

இப்படி இரண்டு பக்கம் திட்டி எழுதினேன், நேற்று. இன்று காலையில் படித்துப் பார்த்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் உன்னைச் சந்தேகப்பட்டது எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் உன் வீட்டுக்கு நான் அனுப்பியது உடைந்த தட்டுகள். வழக்கமான செர்ரி ஜாம்கூட அனுப்ப மனம் வரவில்லை, உன் மகள் கல்யாணத்துக்கு நாற்காலியைக் காலியாக விட்டேன். நீ பன்னிரண்டு வருஷம் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாய், ஒரு மாதம் தவறாமல் பார்சல் வந்திருக்கிறது. உள்ளே என்ன நினைத்துக்கொண்டு கட்டினாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பயத்தில் தவறு செய்த அக்காவையும் அக்காவாகவே வைத்துக்கொள்ள உனக்கு முடிந்திருக்கிறது. எனக்கு முடியவில்லை, தம்பி. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன், உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். மாலை நான்கு பத்துக்கு உங்கள் ஊரில் இறங்குகிறேன். வீட்டார் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வராதே, நீ மட்டும் வா. முதல் கொஞ்ச நேரம் என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியாது. நீ ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நட. நான் பின்னாலேயே வருகிறேன்.

உன்
எல்ஸ்பெத் அக்கா